முதல் பிறந்தநாளுக்கு ஒரு பவுண்டு

1904. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகர மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தன் பதவிக்காலத்தில் பிறக்கும் குழந்தைகளின் வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார். பிள்ளை முதல் பிறந்தநாளைத் தொட்டால் ஒரு பவுண்டு பரிசு!

படித்ததும் சிரிப்புதான் வந்தது. காசுக்காகவா ஒரு தாய் பிள்ளையைக் காப்பாற்றுவாள்?

ஆனால் சூட்சுமம் வேறு இடத்தில். பிள்ளை பிறந்தது உடனே தெரிந்தால்தானே யாராவது வீடு தேடிப் போய், தாய்ப்பாலே கொடும்மா என்று சொல்ல முடியும்? அதனால் 48 மணி நேரத்துக்குள் பிறப்பைத் தெரிவித்தால் நகராட்சி ஒரு ஷில்லிங் கொடுத்தது. அப்புறம் பெண் மருத்துவர்கள் வீட்டுக்கே போனார்கள். 1906-இல் தனிச் சட்டம் வாங்கி, பிறப்பைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது அந்த ஊர். மறு வருடமே நாட்டுக்கும் சட்டம் வந்தது. ஆனால் விருப்பப்பட்ட ஊர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் கட்டாயமாக 1915 ஆகிவிட்டது.