பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடினால்: அயர்லாந்து கணக்கெடுப்பில் ஆளைத் தேடுவது

அயர்லாந்தின் 1901, 1911 மக்கள்தொகைப் படிவங்கள் அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1821 முதல் 1851 வரையிலானவை பெரும்பாலும் 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயின. 1861, 1871 படிவங்களை அரசே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. விடுதலைப் போர் நடந்த 1921இல் கணக்கெடுப்பே இல்லை. எனவே அந்தக் காலத்து முன்னோரை இந்த இரண்டை வைத்துத்தான் தேட வேண்டும்.

பெயரைத் தட்டித் தேடிப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கையெழுத்தைப் படியெடுத்ததில் பிழைகள் இருக்கும். ஓ'சல்லிவன் வெறும் சல்லிவனாக இருக்கலாம். ஐரிஷ் மொழி ஆர்வலர் வீடு என்றால் மர்ஃபி 'ஓ முர்ஹூ' ஆகியிருக்கும். மாவட்டம், தேர்தல் பிரிவு, ஊர் அல்லது தெரு என்று படிப்படியாக இறங்கி வீடு வீடாகப் பார்ப்பதே பலன் தரும். அன்றைய பெயர்களில் தேடுங்கள்: லீஷ் அப்போது குவீன்ஸ் கவுண்டி, ஆஃபலி கிங்ஸ் கவுண்டி, கோவ் துறைமுகம் குவீன்ஸ்டவுன். காவலர் குடியிருப்பு, மனநல விடுதி, சிறை ஆகியவற்றில் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும்.

ஆள் கிடைத்ததும், வீட்டில் இருந்தவர்களைப் பட்டியலிடும் 'ஏ' படிவத்தோடு நிறுத்தாமல், வீட்டுக் கட்டடத்தை விவரிக்கும் 'பி1' படிவத்தையும் திறக்க வேண்டும். கல், செங்கல் சுவருக்கு 1, மண் சுவருக்கு 0. ஓட்டுக்கூரைக்கு 1, வைக்கோல் வேய்ந்த கூரைக்கு 0. அறைகளுக்கும் முன்பக்க ஜன்னல்களுக்கும் தனி எண். கூட்டினால் வீட்டின் தரம் வரும். ஆனால் நகரத்தில் இதை நம்பி ஏமாறக் கூடாது. டப்ளின் ஹென்ரியெட்டா தெருவின் 7ஆம் எண் பழைய பிரபு மாளிகை. 1911இல் அதற்குள் 104 பேர் வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை அறை என்ற கட்டம்தான் உண்மையைச் சொல்லும். மணமான பெண்களிடம் 1911இல் புதிதாகக் கேட்ட கேள்விகளும் அப்படித்தான்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்தவர் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை. 9, 5 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்களைச் சும்மா கடந்துபோக முடியாது.

அதிகம் குழப்புவது வயது. 1901இல் 56 என்றவர் 1911இல் 71 என்பார். அதற்காக வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1909 ஜனவரி முதல் 70 நிரம்பியவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் வந்தது; அதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. எல்லோருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். அந்த முதியவர்களிடம் சான்றிதழ் ஏது? பலருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியவும் தெரியாது. பிள்ளைகளின் பெயரும் வரிசையும், பிறந்த மாவட்டம், மதம் இவை ஒத்துப்போனால் அதே குடும்பம்தான்.

இந்த ஓய்வூதியத்தால் ஒரு நன்மையும் உண்டு. வயதை நிரூபிக்க 1841, 1851 படிவங்களில் தேடித் தரச் சொல்லி முதியவர்கள் விண்ணப்பித்தார்கள். பெற்றோர் பெயரும் ஊரும் எழுதிய அந்தத் தேடல் தாள்கள் தப்பிவிட்டன, அதே தளத்தில் இருக்கின்றன. மூலம் எரிந்துபோன எத்தனையோ குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு தாள்தான்.