சுங்கை சிப்புட்டில் ரிப்பீட்டருக்கு எர்த்து போட்ட கதை

எர்த்து போட்ட குத்தகையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. எர்த்து ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்கு உள்ள தடை, 0.3 ஓம் என்று அதில் எழுதியிருக்கிறார். இந்த எண் குறையக் குறைய நல்லது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில், மேட்டு நிலத்தில், செம்மண்ணும் கல்லும் கலந்த தரையில், ஐந்தடி ராட் மூன்றை அடித்துவிட்டு 0.3 ஓம்! பெரிய துணை மின்நிலையத்தில் தரைக்கடியில் செம்புக் கம்பியை வலையாக விரித்துப் போட்டு வாங்குகிற எண் அது. மழைக்காலத்தில் எழுதிய தாள் என்றாலும் இது கொஞ்சம் அதிகம்.

ரிப்பீட்டர் பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய தலைவலி இல்லை. சின்ன செட்டில் பேசுவதைக் கேட்டு, அதையே தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ஹாம் ரேடியோ நிலையம்தான் ரிப்பீட்டர். பழைய மோட்டரோலா மொபைல் செட் இரண்டு, ஒன்று கேட்க, ஒன்று அனுப்ப. நடுவில் ஒரு கன்ட்ரோலர், ஒரே ஆன்டெனாவில் இரண்டும் மோதாமல் பிரிக்க ஒரு டூப்ளெக்சர். இரண்டு மீட்டர் அலைப்பட்டையில் கேட்கும் அலைக்கும் அனுப்பும் அலைக்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, அதற்கான டூப்ளெக்சர் பீரோ அளவுக்கு இருக்கும். 70 சென்டிமீட்டரில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி கிடைப்பதால் சின்னதே போதும், அதனால் அதையே எடுத்தோம். அலைவரிசை ஒதுக்கீடு தகவல் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியிடமிருந்து எங்கள் குழுவின் பெயரில் வந்தது. நம்முடைய அழைப்புக்குறியை வைத்துக்கொண்டு ரிப்பீட்டரை ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ரிப்பீட்டருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். டூப்ளெக்சரை ஈப்போவில் ஒரு நண்பர் டியூன் செய்து கொடுத்தார். நாற்பதடி கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) கம்பம் பின்கட்டில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், மறைக்க எதுவும் இல்லை. கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டது.

எல்லாம் கெட்டது அந்தக் கம்பத்தின் காலடியில்தான்.

குத்தகையாளர் மூன்று ராடையும் முக்கோணமாக, ஒன்றுக்கொன்று ஓரடி தள்ளி அடித்தார். அவற்றை வளையமாகச் செம்புப் பட்டையால் இணைத்தார். அந்தப் பட்டையைச் சுற்றி ஒரு கிளாம்ப் மீட்டரை மாட்டி, "பாருங்க சார், பாயிண்ட் த்ரீ" என்று என்னிடம் காட்டினார். அப்புறம் கம்பத்துக்கு ஒரு இணைப்பு. ஆன்டெனா கேபிளான கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் ஜன்னலில், இடியின் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய பச்சை வயரை ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, மேலே ஏற்றி, சுவரோரமாகக் கொண்டுபோய் அந்த ராடிலேயே கட்டினார். வீட்டு எர்த்தோடு இதை இணைக்க வேண்டாமா என்று கேட்டேன். "ரேடியோ எர்த்து தனியா இருக்கணும் சார். வீட்டு எர்த்தோட சேர்த்தா இடி வீட்டுக்குள்ள வந்துடும்." பக்கத்தில் நின்ற அவருடைய ஆளும் பெரிதாகத் தலையாட்டினான்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்று தெரியவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் ஆபத்து.

இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில், ஏப்ரல் மே வாக்கில், மதியம் தாண்டினால் வானம் கறுத்து இடி இறங்குவது நமக்குப் புதிதில்லை. உலகத்தில் அதிகம் இடி விழும் நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. அப்படி ஒரு சாயங்காலம், வேலிக்கு அப்பால் ஒரு செம்பனை மரத்தில் விழுந்தது. என் கம்பத்தில் விழவே இல்லை. ஆன்டெனா நன்றாக இருந்தது, அரெஸ்டரும் நன்றாக இருந்தது. ரிப்பீட்டரின் பவர் சப்ளையும் கேட்கிற செட்டின் முன்பகுதியும் போய்விட்டன. பவர் சப்ளையைத் திறந்தால் உள்ளே போர்டில் விரல் அகலத்துக்குக் கரி.

குத்தகையாளருக்குப் போன் போட்டேன். "இடிக்கு யாரால என்ன சார் செய்ய முடியும்?"

செய்ய முடியும். டெலிகாமில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், மலைமேல் கோபுரங்களில் காலத்தைக் கழித்தவர். 0.3 தாளைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எதைச் சுத்தி மாட்டினான்?" வளையத்தைக் காட்டினேன். சிரித்தார். கிளாம்ப் மீட்டர் தான் மாட்டியிருக்கிற சுற்றில் மின்னோட்டத்தை ஓடவிட்டுத்தான் தடையை அளக்கிறது. செம்பு வளையத்தைச் சுற்றி மாட்டினால் அது அளப்பது செம்பை, மண்ணை அல்ல. மண்ணே இல்லாத சிமெண்ட் தரையில் அந்த வளையத்தை வைத்தாலும் 0.3 காட்டும்.

மறுவாரம் கம்பி ஊசி வைத்து அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ராடிலிருந்து 30 மீட்டரில் ஓர் ஊசி, அதே கோட்டில் ஏறத்தாழ 18.5 மீட்டரில் இன்னொன்று. தூரத்தில் 62 விழுக்காடு என்று கணக்கு. நடு ஊசியை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தியும் எண் பெரிதாக மாறாமல் இருந்தால்தான் அளவு சரி. என் வீட்டில் 30 மீட்டர் நேர்கோடு பின் லோரோங்கில், அந்தச் சந்தில்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று சிவப்பு வயரை வாயில் கவ்வி ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போனதால் ஓர் அளவு வீண். மற்றதெல்லாம் ஒரே மாதிரி வந்தது: 74 ஓம்.

74 என்றால் என்ன? மின்னலின் மொத்த மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியர். அதில் 1,000 ஆம்பியர் மட்டும் இந்த ராடுகள் வழியே இறங்கினால்கூடக் கம்பத்தின் அடி 74,000 வோல்ட்டுக்கு ஏறும். அந்த நொடியில் வீட்டு மின்வயர் எங்கேயோ கீழே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் எது? கோஆக்ஸ், ரேடியோ, பவர் சப்ளை, மூன்று பின் பிளக். அந்த வழியாகத்தான் போனது, கரி விட்டுப் போனது.

ராடை இன்னும் நான்கு அடித்து 7 ஓமுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "அப்பவும் 7,000 வோல்ட்டு வருதே தம்பி. ஓம் கொறைச்சாலும் போதாது. கம்பம், கேபிள், வீட்டு எர்த்து, எல்லாம் ஒண்ணா ஏறணும், ஒண்ணா இறங்கணும். நடுவுல வித்தியாசம் இருந்தாத்தான் பொருள் சாகும்." இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ராட் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எல்லா எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

அதற்காக ஓமை விட்டுவிடவும் முடியாது. மின்னல் காப்புக்கான எம்எஸ் ஐஇசி 62305 தரத்தில் சொல்கிற 10 ஓமுக்குள் கொண்டுவரலாம் என்று முடிவானது. வேலிக்கு அப்பால் தோட்டத்து நிலத்தில் ஒரு வாய்க்கால், எப்போதும் ஈரம். அங்கே இரண்டு ராட் அடிக்க அனுமதி கேட்கலாம் என்று தோட்ட ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிராணி (எழுத்தர்) முதலில் மேனேஜர் இல்லை என்றார். அப்புறம் கடிதம் மலாயில் வேண்டும் என்றார். மலாயில் கொண்டுபோனால் வரைபடம் எங்கே என்றார். வரைபடம் கொடுத்ததும், "செம்பு பொதைச்சா ஒரே வாரத்துல தோண்டிட்டுப் போயிடுவானுங்க, அப்புறம் எங்க ஜாகாவைத்தான் குத்தம் சொல்லுவீங்க" என்று காவலாளியை இழுத்தார். கடைசியில் சொன்னது மட்டும் உண்மை, செம்புத் திருட்டு நம் பக்கம் சாதாரணம். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.

அந்த அலைச்சல் தேவையே இல்லை என்பது அண்ணன் மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது. துணி துவைக்கும் தொட்டித் தண்ணீர் போய் விழும் மூலையில், வேலிக்கு உள்ளேயே, ஒரு வாழைக் கூட்டம் இருக்கிறது. அவர் ஷூவால் மண்ணை மிதித்துப் பார்த்தார், நீர் கசிந்தது. கைவிட்டுக் கிள்ளினால் களிமண். மேட்டுச் செம்மண்ணில் கிடைக்காத ஈரம் இருபதடி தள்ளி என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

இங்கே ஹார்ட்வேர் கடை முதலாளி தவுக்கேயோடு ஒரு தகராறு. உப்பும் கரியும் போட்டால் போதும், அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான் என்று அவர் ஒரு மூட்டை உப்பைத் தள்ளப் பார்த்தார். உப்பு ஓமைக் குறைக்கும், சந்தேகமில்லை. நம் மழையில் அது கரைந்து போய்விடும், போவதற்குள் செம்பையும் கிளாம்பையும் தின்றுவிடும். பென்டோனைட் கேளுங்கள். அது ஒரு வகைக் களிமண், தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பிடித்துக்கொள்ளும். கடையில் இல்லை என்றால் சொல்லி வரவழைக்கலாம்.

அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முந்தின நாளே ஒரு முழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி விடுங்கள். ராடின் தலையில், அடியை வாங்கிக்கொள்ளும் ஸ்டட்டைத் திருகிவிட்டு அடியுங்கள். வெறும் தலையில் சம்மட்டி விழுந்தால் மரை நசுங்கி, அடுத்த ராடைக் கப்ளரில் இணைக்க முடியாது. வாழைப் பக்கம் இரண்டு இரண்டாக இணைத்து மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கினோம். ஒன்றுக்கொன்று ஆறு மீட்டர் இடைவெளி விட்டோம். ராடின் நீளத்தைப் போல இருமடங்கு தள்ளி இருந்தால்தான் ஒவ்வொன்றும் தன் மண்ணைத் தானே பயன்படுத்தும். குத்தகையாளர் ஓரடி இடைவெளியில் அடித்த மூன்றும் சேர்ந்து இரண்டு ராட் வேலைகூடச் செய்திருக்காது. கம்பத்தின் அடியில் இருந்தவற்றை எடுக்கவில்லை. மின்னல் வேகத்துக்கு நீளமான பட்டையே ஒரு தடை, அதனால் காலடியிலும் ராட் வேண்டும். பட்டையை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, வெளியே தெரிகிற இடமெல்லாம் தார் பூசிவிட்டோம். பளபளக்காத செம்பை யாரும் தேடி வருவதில்லை.

புது அளவு 7.8 ஓம். இதைக் காய்ந்த காலத்தில் மறுபடி அளக்க வேண்டும், மழைக்கு மறுநாள் எடுத்த எண்ணை வைத்துப் பெருமைப்பட முடியாது.

கம்பத்தில் இன்னொரு கூத்தும் இருந்தது. செம்புப் பட்டையை நேரே கல்வனைஸ் குழாயில் வைத்து, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கிளிப்பால் இறுக்கியிருந்தார். மழை பட்டால் செம்பு துத்தநாகத்தைத் தின்னும். கிளிப்பைக் கழற்றினால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பொடி, அதற்கடியில் துரு. ஸ்டெயின்லெஸ் கிளாம்பும் வெள்ளீயம் பூசிய லக்கும் (வயர் முனையில் மாட்டும் துண்டு) போட்டு மாற்றினோம்.

அடுத்தது வீட்டு எர்த்து. வீட்டின் மின் விநியோகப் பெட்டியான டிபி பெட்டியில் நாமே கை வைக்கக்கூடாது, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் தொட வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் வந்து, "வீட்டு எர்த்து ராட் எங்கண்ணே?" என்று கேட்டார். நம் வீடுகளுக்கு மின்சார நிறுவனமான டிஎன்பி எர்த்து தருவதில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த ராட்தான். தேடினோம், இல்லை. முன்பிருந்தவர்கள் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியபோது அதன்மேலேயே சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு டைலை உடைத்தோம். உள்ளே ராட் இருந்தது. கிளாம்ப் இருந்த இடத்தில் பச்சைப் பொடி, எர்த்து வயர் எதிலும் ஒட்டாமல் சும்மா தொங்கியது. இத்தனை காலமும் இந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை! மின்கசிவு கண்டால் தானே விழும் சுவிட்ச், ஆர்சிசிபி இருக்கிறதே என்றேன். "எர்த்து இல்லன்னா யாராவது தொட்டாத்தான்ணே அது விழும்" என்றார் தம்பி. வாஷிங் மெஷினைத் தொட்டால் கை லேசாக விறுவிறுக்கிறது என்று அம்மா சொன்னபோது வாதநீர் என்று தைலம் தடவியது நினைவுக்கு வந்தது. ரிப்பீட்டரே வேண்டாம் என்பவர்களும் இதை மட்டுமாவது தங்கள் வீட்டில் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே புது ராட், புது சேம்பர். கோஆக்ஸ் நுழையும் இடத்தில் சுவரில் ஒரு செம்புத் தகடு. அரெஸ்டர் நேரே அந்தத் தகட்டில், நடுவில் வயரே கிடையாது. ரிப்பீட்டர் பெட்டி, பவர் சப்ளையின் உடல், கம்பத்துப் பட்டை எல்லாம் அதே தகட்டுக்கு. தகட்டிலிருந்து வீட்டு மெயின் எர்த்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயர், கூர்மையான வளைவு எதுவும் இல்லாமல். டிபியில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். கோஆக்ஸின் உறையைக் கம்பத்தின் உச்சியிலும் அடியிலும் கம்பத்தோடு கட்டினோம். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வந்த பச்சை வயர் குப்பைக்குப் போனது.

அதற்கப்புறம் இடி நிறையப் பார்த்தாகிவிட்டது. ஒருமுறை மிக அருகில் விழுந்து அரெஸ்டருக்குள் இருக்கும் வாயுக் குழாய் செத்தது. அது சாக வேண்டிய பொருள்தான், கையிருப்பில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர் அன்று ராத்திரியே மறுபடி பேசியது.

குத்தகையாளர் போன வாரம் மீதிப் பணம் கேட்டுப் போன் செய்தார். ஊசியும் மீட்டரும் என்னிடமே இருக்கிறது, வந்து என் முன்னால் அந்த 0.3 ஓமை அளந்து காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.