கோஆர்டினேட்டர் சாவிக்கொத்து

கம்யூனிட்டி காலேஜ்ல, அதாவது கைத்தொழில் சொல்லித்தர்ற காலேஜ்ல, 11 வருஷமா கெஸ்ட் லெக்சரர், போன ஜூன்ல திடீர்னு கோஆர்டினேட்டர் பொறுப்ப தூக்கி கைல குடுத்துட்டாங்க. சம்பளம் அதேதான், சாவிக்கொத்துதான் பெருசாயிடுச்சு 😄

இந்தியாவுல முதல் கம்யூனிட்டி காலேஜ் 1995ல நம்ம புதுச்சேரிலதான் ஆரம்பிச்சாங்க, இங்கயே நிறைய பேருக்கு தெரியாது. நான் இருக்குறது அது இல்ல, கடலூர் பக்கம் சின்ன காலேஜ். ஏசி மெக்கானிக் டிப்ளமோ கிளாஸ்ல இப்பதான் பிளஸ் டூ முடிச்ச பையன் இருப்பான், பக்கத்துலயே சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு கண்ணு எரிய எரிய வந்து உக்கார்ற 38 வயசு அண்ணன் இருப்பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே பாடத்த எப்படி எடுக்குறதுன்னு எனக்கு எந்த பிஎச்டிலயும் சொல்லித்தரல. பொறுப்புக்கு வந்ததும் 9 மணி கிளாஸ 10 ஆக்கினேன், அந்த அண்ணன் குளிச்சிட்டாவது வரட்டும்னு.

அப்புறம் மஞ்சக்குப்பத்துல கடை வச்சிருக்குற ஒரு மெக்கானிக்க வாரம் ரெண்டு நாள் வர வச்சேன். செம்பு குழாயோட வாய விரிச்சு பிளேர் பண்ணி காமிச்சாரு, நட்டு போட்டு டைட் பண்ண சொல்லி என்கிட்ட குடுத்தாரு, லீக் இருக்கான்னு பாக்க சோப்பு நுரைய தடவிட்டு "குமிழி வருதா பாருங்க சார்"ன்னாரு. வந்துச்சு. நான் டைட் பண்ண ஜாயிண்ட்லதான் 🤦 கிளாஸே சிரிச்சுது.

அவருக்கு மணிக்கணக்குல சம்பளம் கேட்டு போட்ட ஃபைல் "டிகிரி இல்லையே"ன்னு இன்னிக்கு திரும்பி வந்திருக்கு. நாளைக்கு மறுபடி போடணும். அவருகிட்ட இன்னும் சொல்லல.