தண்டவாளத்தின் மேல் 2,400 கிலோமீட்டர்

விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி: "டிரைவர் நீங்கள், சரி. கார்டு யார் மாப்பிள்ளை?"

மாமா என் மனைவியின் அப்பா. மதுரைக் கோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பதவிக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதை அவர் முன்னால் சொல்லிவிடக் கூடாது. "நீங்கள்தான் கார்டு. நீங்கள் பச்சைக்கொடி காட்டாமல் வண்டி நகராது" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

கலிபோர்னியாவின் லிவர்மோரிலிருந்து கான்சாஸில் இருக்கும் விச்சிட்டாவுக்குப் போக வேண்டும். அங்கே மைத்துனன் வீடு. அவன் மகனுக்கு வெள்ளிக்கிழமை முதல் பிறந்தநாள். பெரிய விமானத்தில் ஓர் ஊரில் இறங்கி மாறினாலும் காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நாங்கள் செவ்வாய்க்கிழமையே கிளம்பினோம். நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கும் 1978ஆம் வருடத்து செஸ்னா 172 அது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். விமானத்துக்கு அது வேகமே இல்லை. எதிர்க்காற்று பலமாக அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் போகும் கார்கள் நம்மை முந்தும். அத்தை வரவில்லை. "அந்தத் தகர டப்பாவில் நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்" என்று சொல்லி, பேரனுக்கும் மகனுக்கும் இரண்டு அட்டைப்பெட்டிகள் கட்டிக் கொடுத்தார். அதை வீட்டு எடைக்கருவியில் நிறுத்து, எண்களைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இந்த விமானத்தில் பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு 120 பவுண்டுதான் வரம்பு. முறுக்கு டின் ஒன்று வீட்டிலேயே தங்கிவிட்டது. அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

புறப்படுமுன் இறக்கைக்கு அடியிலிருந்து கண்ணாடிக் குவளை போன்ற ஒரு சின்னக் குடுவையில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப்போல் உருண்டு நிற்கும். மாமா என் கையிலிருந்து குடுவையை வாங்கிப் பார்த்தார். "இது ரேஷன் கடை மண்ணெண்ணெய் அல்லவா?" நிறம் அப்படியேதான். விமான பெட்ரோல் வகைகளை இனம் கண்டுகொள்ளச் சாயம் சேர்க்கிறார்கள். இந்த வகைக்கு நீலம்.

பொழுது விடிந்து மேலே ஏறி, சான் வாக்கின் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே திரும்பினோம். அரை மணி நேரம் மாமா எதுவும் பேசவில்லை. பயமோ என்று பார்த்தேன். ஹெட்செட்டில் போகும் உரையாடலைக் கவனித்துக்கொண்டிருந்தார். சின்ன விமானம் என்றாலும், கேட்டுக்கொண்டால் தரையிலிருந்து ஒருவர் ராடாரில் நம்மைப் பார்த்து, "உங்கள் வலது பக்கம் ஒரு விமானம்" என்று எச்சரித்துக்கொண்டே வருவார். அவருடைய எல்லை முடியும் இடத்தில் வேறு அலைவரிசையைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைப்பார். மாமா கையை உயர்த்தி, "புரிந்துவிட்டது. செக்‌ஷன் கன்ட்ரோலர்" என்றார். அதன் பிறகு நான் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தெஹாசப்பி மலையை நெருங்கும்போது அவரே கண்டுபிடித்தார். மலைச்சரிவில் தண்டவாளம் ஒரு குன்றைச் சுற்றி வட்டமடித்துத் தன் மேலேயே ஏறிக் கடக்கிறது. 1876இல் போட்ட பாதை. ஏற்றத்தைக் குறைக்க எஞ்சினியர்கள் செய்த வேலை இது. நல்ல நீளமான சரக்கு வண்டியாக இருந்தால் எஞ்சின் மேலே போகும்போது அதே வண்டியின் வால் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும். எங்கள் நல்ல நேரம், ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. மாமா கேட்டுக்கொண்டதால் இரண்டு சுற்று வட்டமிட்டேன். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில், மீட்டர் கேஜ் காலத்தில், பின்னால் தள்ளும் எஞ்சினோடு எத்தனையோ இரவுகள் ஏறி இறங்கியவர் அவர். ஜன்னலில் நெற்றி முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"மாப்பிள்ளை, இவ்வளவு நீள வண்டிக்குக் கடைசியில் கார்டு பெட்டியைக் காணோமே?"

அமெரிக்காவில் 1980களிலேயே கார்டு பெட்டியை எடுத்துவிட்டார்கள். கடைசி வேகனின் கொக்கியில் ஒரு சிறு கருவியை மாட்டிவிடுகிறார்கள். பிரேக் குழாயின் அழுத்தத்தை அது ரேடியோ வழியாக எஞ்சினுக்குச் சொல்லும், சிவப்பு விளக்கைச் சிமிட்டும். இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மொஹாவியில் இறங்கி, பாலைவனத்தில் ஓய்ந்து நிற்கும் பெரிய விமானங்களின் வரிசையைக் காட்டியபோதும் அவர் மனம் அதில் ஒட்டவில்லை.

அங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு அரிசோனாவின் கிங்மன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அன்றைய பயணத்தை அத்தோடு நிறுத்தினேன். பாலைவனத்தில் வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து கிளம்பும் சூட்டுக்காற்றில் சின்ன விமானம் மாட்டு வண்டிபோல் குலுங்கும். போதாததற்கு, சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உயரமான ஊர்களில் அது இறக்கையையும் எஞ்சினையும் ஒருசேரப் பலவீனமாக்கிவிடும். 160 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

புதன்கிழமை காலை ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் 9,500 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பட்டாசுபோல் ஒரு சத்தம். என் வயிறு ஒரு கணம் கலங்கிவிட்டது. எஞ்சின் எண்ணெய் அழுத்தம் சரி, வெப்பம் சரி, சத்தம் சரி. மாமா நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "நேந்திரங்காய் வறுவல்" என்றார். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கடைப் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பிவிடுகின்றன; ஒன்று வெடித்துவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில் வெடிக்கவில்லை, மூடியின் ஓரமாக எண்ணெய் கசிந்திருந்தது. அந்த விமானத்தில் இன்னமும் பெருங்காயம் மணக்கிறது. கூட்டாளிகள் மூவரும் நாகரிகம் கருதிக் கேட்பதில்லை.

வின்ஸ்லோவுக்கு முன்னால், ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து குடைந்த பள்ளம். குறுக்களவு 1.2 கிலோமீட்டர். "இத்தனை பெரிய கிணறு வெட்டியும் தண்ணீர் வரவில்லையே" என்பது மாமாவின் கருத்து.

8.25க்கு வின்ஸ்லோவில் இறங்கினோம். எண்ணெய் போட்டுக்கொண்டு அல்புகர்க்கி போவதாகத் திட்டம். அதற்குள் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. ஏப்ரலில் அந்தப் பக்கம் இது வழக்கம்தான். பதினோரு மணிக்கு, காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுத்துணி விறைத்து நின்றது. நண்பகலுக்கு மேல் 42 நாட் வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 78 கிலோமீட்டர் வரை, வீசி வீசி அடித்தது. இந்த விமானம் ஏறத்தாழ 55 நாட் வேகத்தில் தரையை விட்டு எழும்பிவிடும். அப்படியென்றால் அந்தக் காற்றில் அது நின்ற இடத்திலேயே பறக்க ஆசைப்படும். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் தரையில் பதித்த வளையங்களோடு கயிறு கட்டினோம். நான் போட்ட முடிச்சுகளைப் பார்த்துவிட்டு மாமா ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து, காளை மாட்டைக் கட்டுவதுபோல் தானே கட்டினார். இரவு பத்து மணிக்கு நான் போய் இழுத்துப் பார்த்தபோது ஒரு விரல் கூட நெகிழ்ந்திருக்கவில்லை.

இந்த நாட்டுச் சின்ன விமான நிலையங்களில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. இறங்கிய விமானிக்கு ஊருக்குள் போய்வர இலவசமாக ஒரு காரைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பழைய போலீஸ் காராக இருக்கும். வாடகை கிடையாது; திருப்பித் தரும்போது பெட்ரோல் ஊற்றி வைத்தால் போதும். அதில் ஏறி ரயில்பாதை ஓரமாகவே இருக்கும் லா போசாடா ஓட்டலுக்குப் போனோம். மேரி கோல்ட்டர் வடிவமைத்து, ரயில் பயணிகளுக்காக 1930இல் திறந்த ஓட்டல். இடையில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 1997இல் மறுபடி உயிர்பெற்றது. அதன் பின்பக்கத் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிரே தண்டவாளம். மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வண்டிக்கு மேல் வண்டி. பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கிய கன்டெய்னர் வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை எடுத்தார். ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்தச் சிவப்பு விளக்கு போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை அவருக்கு ஒரு நல்ல செய்தி சொன்னேன். வின்ஸ்லோ விமான நிலையத்துக்கு, அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் பெயரும் உண்டு. 1929இல் ஒரு விமானக் கம்பெனி அவரை ஆலோசகராக வைத்து, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 48 மணி நேரப் பயணம் என்று ஒன்றைத் தொடங்கியது. பகலில் ஃபோர்டு டிரைமோட்டார் விமானம். இருட்டிவிட்டால் இறக்கி ரயிலில் ஏற்றிவிடுவார்கள். இரவு முழுக்க ரயில், விடிந்ததும் மறுபடி விமானம். விச்சிட்டா, அல்புகர்க்கி, வின்ஸ்லோ, கிங்மன் எல்லாம் அந்தத் தடத்தில் நிறுத்தங்கள். "இருட்டிய பிறகு நம்பிக்கைக்குரியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார் மாமா. பயணம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த செப்டம்பரில், அவர்களுடைய விமானம் ஒன்று இடிமழையில் தடம் மாறி டெய்லர் மலையில் மோதியது. அதில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அந்த மலை எங்கள் வழியில்தான் இருந்தது. இந்தப் பகுதியை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே படித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வின்ஸ்லோவில் காற்று அடங்கியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. இப்போது விட்டால் வெள்ளி மதியத்துக்குள் விச்சிட்டா. கேக் வெட்டும் நேரத்துக்குப் போய்விடலாம். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். மாமா இறக்கைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அல்புகர்க்கியில் என்ன நிலவரம்?" என்றார்.

பார்த்தேன். பத்து மணி முதல் 45 நாட் வரை வீசும், புழுதி பறக்கும் என்று முன்னறிவிப்பு. பின்காற்றுதான், சீக்கிரம் போய்விடலாம், அதற்குள் இறங்கிவிடலாம் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது கணக்கல்ல, ஆசை. அந்தப் பின்காற்று மலை முகடுகளைத் தாண்டி மறுபக்கம் சுழன்று இறங்கும். தரையிறங்கும்போது பக்கவாட்டிலிருந்து அடிக்கும். பக்கக்காற்று 15 நாட் வரை சமாளித்ததைத்தான் இந்த விமானத்தைக் கட்டியவர்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

"அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் தரவில்லை. இங்கே சிக்னல் பச்சையாக இருந்து என்ன பயன், மாப்பிள்ளை?"

"குழந்தையின் பிறந்தநாள், மாமா."

"என் பேரன்தான். அடுத்த வருடமும் வரும்."

எட்டு வருடமாக விமானம் ஓட்டுகிறேன். இந்த முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்று பாடமாகவே படித்திருக்கிறேன், பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். ஆனாலும் அன்று காலை கயிற்றின் மேல் இருந்த என் கையை எடுக்கவைத்தது பாடம் அல்ல. பத்தரை மணிக்கு வின்ஸ்லோவிலேயே புழுதி எழுந்து எதிர் வீதி தெரியாமல் போனது. மாமா அதைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை 6.15க்குக் கிளம்பினோம். கழுவி விட்டதுபோல் வானம். டெய்லர் மலையை இடதுபுறம் வைத்துக் கடந்தபோது மாமா ஒருமுறை கைகூப்பினார். அப்போதுதான் அவர் படித்திருக்கிறார் என்று புரிந்தது. அல்புகர்க்கியில் எண்ணெய், சாண்டியா மலைக்குத் தெற்கே கணவாய், பிறகு தட்டையான நிலம். அமரில்லோவில் இரவு. வீடியோவில் பேரன் கேக்கைக் கையால் பிசைவதைப் பார்த்தோம். மாமா அதிக நேரம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கான்சாஸ். கீழே மைல் கணக்கில் சதுரம் சதுரமாக நிலம். 1785இல் போட்ட அளவைச் சட்டத்தின்படி கயிறு பிடித்ததுபோல் வடக்கு தெற்காகச் சாலைகள். சதுரத்துக்குள் பச்சை வட்டங்கள்; நடுவில் நின்று சுழலும் நீண்ட குழாய் தண்ணீர் தெளித்த வட்டங்கள் அவை. தோசைக்கல்லில் வரிசையாக ஊற்றியதுபோல் இருக்கும். எங்கள் செஸ்னா பிறந்த ஊர் விச்சிட்டா. அதைச் சொன்னால் மாமா ரசிப்பார் என்று நினைத்தேன். "அப்படியானால் இதற்கும் பிறந்த வீடு இதுதானா" என்று டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார்.

மைத்துனன் வந்து கட்டிக்கொண்டான். ஆனாலும் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "ஒரு நாள் முன்னால் கிளம்பியிருக்கலாமே, அத்தான்?" என்று என்னிடம் கேட்பதுபோல் அப்பாவைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் மாமா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஊரும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், எல்லாம் கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தது. வின்ஸ்லோ வரியை நானும் எட்டிப் பார்த்தேன். தாமதம்: 45 மணி 50 நிமிடம். காரணம்: காற்று.

அதற்கு அடுத்த கட்டம் 'பொறுப்பு'. அதில் 'கார்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.