ஜார்ஜ் மோதிய மரங்கள்

'ஜார்ஜ் ஆஃப் தி ஜங்கிள்' படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காட்டில் வளர்ந்தவன் கொடியைப் பிடித்து ஆடி வருவான், நேரே மரத்தில் போய் மோதுவான், எழுந்து சிரிப்பான். பேசும் மனிதக் குரங்கு ஒன்று, நாய்க்குட்டி மாதிரி ஓடிவரும் யானை ஒன்று. 1997-ல் டிஸ்னி வெளியிட்டது. பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிற படம் என்பார்கள். பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு அது மறக்கவில்லை. அடிபட்ட உடம்புகளோடு தினமும் பழகுகிறவர்களுக்குத்தான் தெரியும், விழுவதைப் பார்க்கிறவர் பதறாமல் சிரிக்கும்படி விழுவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமென்று.

ஜார்ஜாக நடித்த பிரெண்டன் ஃப்ரேசர், அந்த உடல்வாகுக்காக மாவுச்சத்தை அறவே ஒதுக்கியிருக்கிறார். ஒருநாள் ஏடிஎம் முன்னால் நின்றபோது பின் நம்பரே நினைவுக்கு வரவில்லை என்று 2022-ல் நடிகர் ஆடம் சாண்ட்லரிடம் சொன்னார்.

அவருடைய சினிமா வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்துக்குப் பலரும் படத்தேர்வைத்தான் காரணம் சொல்கிறார்கள். 1998-ல் நடிகர் இயன் மெக்கெல்லனோடு 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'. 1999-ல் உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 'தி மம்மி'. அதே ஆண்டு 'டட்லி டூ-ரைட்', 2001-ல் 'மங்கிபோன்', இரண்டுமே படுதோல்வி. இதெல்லாம் உண்மைதான். ஆனால் 2008-ல் மூன்றாவது மம்மி படம் வந்தது. அதன் படப்பிடிப்பையே அடிபட்ட உடம்புக்கு டேப்பும் ஐஸும் வைத்துத்தான் ஓட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு முதுகில் லாமினெக்டமி என்ற ஆபரேஷன், அது சரியாக அமையாமல் மறுபடியும் ஒன்று. முழங்காலில் பகுதி மூட்டு மாற்று, குரல் நாணில் ஆபரேஷன். கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் போயிருக்கின்றன.

லாமினெக்டமியில் நரம்பை அழுத்தும் முதுகெலும்பின் பின்பக்க வளைவை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆளை எழுப்பி உட்கார வைப்பது எங்கள் வேலை. "அப்படியே எந்திரிக்காதீங்கண்ணே. முழங்கால மடக்குங்க. தோளும் இடுப்பும் ஒண்ணா ஒருக்களிச்சுப் படுங்க. இப்பக் கால தொங்கவிட்டு, கைய ஊனி வாங்க." இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து முடிப்பதற்குள் வாழைத்தார் சுமந்த தோள்கூட வியர்த்து நனைந்துவிடும். அப்படி ஒரு அண்ணனைப் பற்றித்தான் அவர் வேலை பார்த்த கடையில், "முன்ன மாதிரி இல்ல, சோம்பேறி ஆயிட்டான்" என்று பேசியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'ஃப்ரேசர் எங்கே காணாமல் போனார்' என்று கேட்ட தலைப்புகளை இப்போது பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. உழைத்துத் தேய்ந்த உடம்பு ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மிகப் பருத்த உடம்போடு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவராக நடித்த 'தி வேல்' படத்துக்காக 2023-ல் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதில் சோபாவிலிருந்து எழும் காட்சிகளைக் கவனியுங்கள். வாக்கரைப் பற்றி, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பாரம் பாதத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து எழுகிறார். எங்கள் வார்டில் நான் பார்க்கும் அசைவு அது, கொஞ்சமும் பிசகவில்லை. பாரம் எங்கே இருக்கிறது, எப்போது எந்தப் பக்கம் சாயும் என்ற அந்தக் கணக்கு ஜார்ஜ் மரத்தில் மோதும்போதே அவரிடம் இருந்தது. அதனால் அந்தப் படத்தை, அவர் பெரிய நடிகராவதற்கு முன் செய்த விளையாட்டு என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.