14 வீதத்துக்கு இறங்கி ஏறிய கதை

கிளிநொச்சியில் தம்பி போகும் ஜிம்மில் ஒரு கலிப்பர் இருக்கிறது. கையின் பின்புறம், இடுப்பெலும்புக்கு மேல், தொடையின் முன்புறம் என்று மூன்று இடத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிப்பை மில்லிமீற்றரில் பார்ப்பார்கள். அதையும் வயதையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் உடம்பில் கொழுப்பு எத்தனை வீதம் என்று வரும். போன வருடம் மாசியில், அங்கே பெண்களுக்குப் பயிற்சி தரும் அக்கா அளந்தபோது எனக்கு 20 வீதம் வந்தது. எடை 52 கிலோ.

நான் 5,000 மீற்றர் ஓடுகிறேன். விடிய ஐந்து மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில் தொடங்கினால் வெயில் ஏற முதல் 10 கிலோமீற்றர் முடியும். அப்போது என் நேரம் 18 நிமிடம் 40 விநாடி. அதில் இருபது விநாடி குறைத்தே ஆகவேண்டும் என்று மனம் முழுக்க அதுதான்.

தம்பி அந்த நேரம் ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அவனுடைய வயிற்றில் நரம்பு ஓடுவதை ஒவ்வொரு நாளும் வீட்டில் பார்க்கிறேன். சுமக்கிற பாரம் குறைந்தால் கால் வேகமாகப் போகும் என்று நினைத்து அவன் சாப்பாட்டையே நானும் பிடித்தேன். அவித்த கோழி நெஞ்சு, முட்டை வெள்ளை, கோவா, தராசில் நிறுத்த ஒரு பிடி சோறு. தேங்காய்ப்பூ போடாத பிட்டு. அம்மா மீன் குழம்பில் பால் விடும்போது என் பங்கை முதலே எடுத்து வைத்துவிடுவேன்.

முதல் ஆறு கிழமை உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதனால்தான் நிறுத்தத் தோன்றவில்லை. சித்திரையில் மாதவிடாய் வரவில்லை. வைகாசியிலும் இல்லை. எடை 47க்கு வந்தது, கலிப்பர் 14 என்றது. விளையாட்டு வீராங்கனைகளுக்கு 14 முதல் 20 வீதம் என்றுதான் நான் பார்த்த அட்டவணையில் போட்டிருந்தது. ஆண்களுக்கு 6 முதல் 13. பெண்ணின் உடம்பு இயங்குவதற்கே 10 முதல் 13 வீதம் தேவை, ஆணுக்கு 2 முதல் 5 போதும். இதையெல்லாம் வாசித்து வைத்திருந்தேன். என் எண் வரம்புக்குள் நிற்கிறது, பிறகென்ன பயம் என்று இருந்துவிட்டேன். ஓட்டமோ 19 நிமிடம் 35 விநாடிக்குப் போய்விட்டது. சோளகக் காற்றுக்கு எதிரே ஓடுவதால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஆனியில் தம்பியின் போட்டி. முதல் நாளிலிருந்தே தண்ணீரை மட்டுப்படுத்தியிருந்தான். மேடைக்குப் பூசிய கபிலச் சாயம் கட்டில் விரிப்பெல்லாம் ஒட்டிக் கிடக்க, கால் இரண்டையும் சுவரில் தூக்கிப் போட்டபடி படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. கரண்டியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். "அக்கா, இது ஒரு நாளைக்குக் காட்டுற உடம்பு. இதோட என்னால படி ஏறேலாம கிடக்கு. நீ என்னத்துக்கு இதைப் பிடிச்சனீ?" என்றான். அவனுக்கு அன்று 6 வீதம். போட்டி முடிந்து மூன்று கிழமையில் 11க்கு வந்துவிட்டான், முகத்தில் இரத்தம் திரும்பியது.

அவன் சொன்னதன் பாரம் பிறகு ஓர் ஆய்வை வாசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 2013இல் வெளிவந்தது. மருந்து ஊசி எதுவும் போடாத ஓர் உடற்கட்டு வீரரைப் போட்டிக்கு முந்திய ஆறு மாதமும் பிந்திய ஆறு மாதமும் அளந்திருக்கிறார்கள். கொழுப்பு 14.8 வீதத்திலிருந்து 4.5க்கு இறங்கியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53ஆக இருந்தது 27 ஆனது. ஆண் ஹோர்மோன் நாலில் ஒரு பங்குக்கு விழுந்தது. நாங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற உடம்பு அந்த நிலையில் எடுத்த படம். உதைபந்தாட்டக்காரர் ஒருவர் ஏறக்குறைய 10 வீதத்தோடு பருவம் முழுக்க ஓடி விளையாடுகிறார், அடிபட்டு எழும்புகிறார். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவதே பிழை.

ஆடியில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரு விரல் வைக்கிற இடம் மட்டும் நோகத் தொடங்கியது. முதலில் காட்டிய இடத்தில், "ஓடுற பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிக்கிறது வழமைதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லை நம்பி இன்னொரு மாதம் ஓடினேன். இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அது வழமை இல்லை. மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் காட்டுங்கள், ஒருவர் தட்டிக்கழித்தால் இன்னொருவரிடம் போங்கள்.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வைத்தியர் பார்த்தார். இரத்தம் எடுத்து வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகு, ஒரு கடுதாசியை என் பக்கம் தள்ளி, "பிள்ளை, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீர், எழுதும்" என்றார். கூட்டினால் 1,400 கலோரி. அதில் 10 கிலோமீற்றர் ஓட்டத்துக்கே 500 போய்விடும். மிச்சம் 900ஐக் கொழுப்பு இல்லாத எடையான 40 கிலோவால் பிரித்தார். 22க்குப் பக்கம் வந்தது. 45 அளவில் இருக்கவேண்டும், 30க்குக் கீழே நெடுக நின்றால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும் என்றார். முதலில் மாதவிடாய், அப்புறம் எலும்பு. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. என் 14 வீதம் நல்ல எண்தான், ஆனால் எரிபொருள் இல்லாமல் வந்த எண். அதே 14இல் நிறையச் சாப்பிட்டு இயல்பாக இருக்கிறவர்களும் உண்டு. எண்ணைப் பார்த்து உடம்பை நடத்தினேன் என்பது அந்தக் கடுதாசியில்தான் எனக்கு விளங்கியது.

ஆறு கிழமை ஓட்டம் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் உழுத்தங்களி கிண்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் சாமத்தியப்பட்டபோது தந்த அதே களி. முதல் வாய்க்கே கண் கலங்கிவிட்டது. பின்னேரம் எள்ளுருண்டை, படுக்க முதல் ஒரு கை அவித்த கச்சான். பழைய சோற்று அளவு திரும்ப ஒரு மாதம் எடுத்தது, ஏனென்றால் ஒவ்வொரு கரண்டிக்கும் மனம் கணக்குப் பார்த்தது. தராசைத் தம்பி எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான்.

கார்த்திகை 9ஆம் நாள், அடை மழை, மாதவிடாய் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சின்னப் பிள்ளையைப் போலக் கத்தித்தான் சொன்னேன்.

தை முடிவில் ஜிம்மில் திரும்ப அளந்தோம். 51 கிலோ, 19 வீதம். கலிப்பர் மூன்று நாலு வீதம் இங்கே அங்கே பிழைக்கும் என்று இப்போது தெரியும், அதனால் அந்த எண்ணை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அடுத்த கிழமை குளக்கட்டில் அளந்து வைத்த 5,000 மீற்றரை 18 நிமிடம் 22 விநாடியில் ஓடினேன். நேரம் பிடித்தது தம்பி. கடைசி 400 மீற்றருக்கு என் பக்கத்தில் தானும் ஓடி வந்தான்.