பப்பில் எனக்கும் ஒரு ஓட்டு

அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. ஃபோனில் பேச்சோடு பேச்சாக வாய் தவறிவிட்டது. "ஏண்டி, கள்ளுக்கடையில பங்கு வாங்கியிருக்கியா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" மாப்பிள்ளையும் வாங்கியிருக்கிறார் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து, "நீங்க ரெண்டு பேருமே குடிக்கிறதில்லையே, அப்புறம் எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே சரியாகப் படவில்லை. அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வட யார்க்‌ஷரில் இந்தக் கிராமத்துக்கு நாங்கள் வந்து 14 வருஷம் ஆகிறது. வந்தபோது ஒரு தபால் ஆபீஸ், ஒரு கடை, ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு பப் இருந்தன. முதலில் தபால் ஆபீஸ் போனது, அதன் பின்னாலேயே கடையும். பிள்ளைகள் குறைந்து பள்ளியையும் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. கடைசியில் நாலு பேர் முகம் பார்க்க மிஞ்சியது பப் ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் ஏகப்பட்ட பப்புகளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். குத்தகைக்கு வருகிறவர்கள் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் அதிகம். வாடகையும் கட்டி, பீரையும் அந்தக் கம்பெனி சொல்லும் விலைக்கே வாங்கி யாரால் பிழைக்க முடியும்? ஒருநாள் வாசலில் 'விற்பனைக்கு' போர்டு தொங்கியது.

இந்த இடத்தில் ஒரு பிடிவாதக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2011-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தில், இங்கிலாந்தில் ஊருக்குப் பயன்படும் கட்டிடங்களைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று கவுன்சிலின் பட்டியலில் சேர்க்க வழி உண்டு. ஒருமுறை சேர்த்தால் 5 வருஷம் நிற்கும். பப் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஊர்மன்றத்தில் ஒருவர் இதற்காக மல்லுக்கட்டினார். "இப்ப எதுக்கு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பட்டியலில் இருந்ததால், விற்கப்போகிறோம் என்று கம்பெனி கவுன்சிலுக்கு முதலில் சொல்லியாக வேண்டியிருந்தது. "நாங்களும் கேட்கிறோம்" என்று எழுதிக்கொடுக்க ஊருக்கு 6 வாரம். கொடுத்துவிட்டால், அறிவிப்பு வந்த நாளிலிருந்து 6 மாசம் வெளியாளுக்கு விற்க முடியாது.

ஆனால் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். நமக்கே விற்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. அவகாசம்தான் கொடுத்தது. 6 மாசம் முடிந்ததும் யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. எங்கள் முதல் விலையை கம்பெனி ஒற்றை வரி மின்னஞ்சலில் மறுத்தது. அதை வீடாக மாற்ற வாங்க வந்தவரும் இருந்தார். பப்பை வீடாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும் என்பதால்தான் அவர் பின்வாங்கினார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்நேரம் பாரில் யாரோ சோஃபா போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பப்பை வாங்க ஊரில் அமைத்த கமிட்டியில் யாருக்கும் இதில் அனுபவம் இல்லை. இரண்டு காரில் ஏறி ரிச்மண்ட் பக்கத்தில் ஹட்ஸ்வெல் என்ற ஊருக்குப் போனோம். அங்கே 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' 2008-ல் மூடிக்கிடந்து, ஊரார் வாங்கி 2010-ல் திறந்தது. உள்ளே சின்ன நூலகம், அதைவிடச் சின்ன கடை, பின்னால் ஊரார் காய்கறி போடும் பாத்திகள். நல்ல பீருக்காகக் குரல்கொடுக்கும் கேம்ரா அமைப்பு, 2016-ம் வருஷத்துக்கு நாட்டிலேயே சிறந்த பப் என்று பட்டம் கொடுத்தது. எங்களுக்குப் பட்டமெல்லாம் கண்ணில் படவில்லை. பாருக்குப் பக்கத்திலேயே பாலும் ரொட்டியும் விற்கலாம் என்பதைத்தான் வாயைப் பிளந்து பார்த்தோம். இதற்கும் மூத்தவர்கள் உண்டு. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரார் 2003-ல் 'ஓல்ட் கிரவுன்' பப்பை வாங்கினார்கள். அதற்கு முன்பே ஊரின் பீர் வடிக்கும் ஆலையைக் கூட்டுறவாக்கியவர்கள் அவர்கள். வேல்ஸில் ஷித்வாயென் கிராமத்தின் 'தவார்ன் அ விக்' 1988-லிருந்தே ஊர்ச் சொத்து.

பணம் திரட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது திருவிழா மாதிரி தானாகவே நடந்தது. சமூகநலச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்தோம். மாதிரி விதிகளும் ஆலோசனையும் ப்ளங்கெட் அமைப்பிடமிருந்து. அயர்லாந்துக் கூட்டுறவு முன்னோடி சர் ஹோரஸ் ப்ளங்கெட் 1919-ல் தொடங்கியது, இன்றும் இதே வேலையைச் செய்கிறது. குறைந்தபட்சப் பங்கு 250 பவுண்டு என்று வைத்தோம். ஒருவர் ஒரு லட்சம் பவுண்டு வரை போடலாம் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கை லாபத்துக்கு விற்க முடியாது. திரும்ப எடுக்கலாம், அதுவும் சங்கத்தில் பணம் இருந்து கமிட்டி ஒப்புக்கொண்டால். பழைய குத்தகைக்காரரோடு சண்டை போட்டு 20 வருஷமாகப் பப் வாசலையே மிதிக்காத ஒரு விவசாயி, செக்கை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மீதிக்கு அரசின் சமூக உடைமை நிதியும் ஒரு கடனும் கைகொடுத்தன. 2021-ல் 15 கோடி பவுண்டோடு தொடங்கிய அந்த நிதியை 2024 கடைசியில் மூடிவிட்டார்கள். இனிமேல் கிளம்பும் ஊர்கள் எங்களைவிடச் சிரமப்படும்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். கூடவே பப்பை நடத்திப் பார் என்றும் சேர்த்துவிடலாம். வாங்கின அன்று ஊரே ஆடியது. நாங்கள் குத்தகைக்கு அமர்த்திய தம்பதி இரண்டாவது கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மின்சார பில்லைப் பார்த்தபோது அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆள் கிடைக்கும்வரை மூடுவதா, நாமே நடத்துவதா? ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருநாள் பயிற்சிக்குப் போய்ப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவந்தார். அது இல்லாமல் ஒரு சொட்டு விற்க முடியாது. பார், சமையல், கணக்கு என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டோம். கணக்கு எனக்கு. கூடவே, யாரும் கை தூக்காததால், திங்கட்கிழமை செல்லரும் எனக்கே வந்தது.

செல்லர் என்றால் பாருக்கு அடியில், குனிந்துதான் நிற்க வேண்டிய நிலவறை. கோடையோ குளிரோ 12 டிகிரி. முதல் தடவை இறங்கியபோது மூக்கில் ஏறியது எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை: இரண்டு நாள் புளித்த இட்லி மாவு! தப்பே இல்லை, இரண்டிலும் பொங்குவது உயிருள்ள சமாச்சாரம்தானே. காஸ்க் ஏல் எனப்படும் பீரில், பீப்பாய்க்குள் வந்த பிறகும் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். லாரியில் குலுங்கி வந்ததைப் படுக்கவைத்து, மேல் அடைப்பில் மெத்தான ஒரு மரக்குச்சியை அடித்தால் புஸ்ஸென்று நுரை தள்ளும். அது அடங்கியதும் கெட்டிக் குச்சியை மாற்ற வேண்டும். கசடு அடியில் படியும்வரை பீப்பாயைத் தொடவே கூடாது. திறந்துவிட்டால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும், விட்டால் காடிதான்.

பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதே டிராக்டர் தாத்தா. இப்போது வாசலை மிதிக்கிறார். "ஒரே அடி. யோசிச்சா போச்சு" என்றார். நான் யோசித்தேன். சுத்தியல் பாதி மனசோடு இறங்க, குழாய் பாதி நுழைந்து நிற்க, இடுக்கு வழியாகப் பீர் என் முகம், கண்ணாடி, தலைமுடி எல்லாவற்றையும் குளிப்பாட்டியது. குடிக்காதவளுக்கு அபிஷேகம். தாத்தா சிரிக்கவில்லை, சுத்தியலை வாங்கி ஒரு தட்டுத் தட்டி முடித்துவிட்டு, "அடுத்த வாரம் சரியா வரும்" என்றார். சிதறுகாய் உடைப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டு அடித்தேன், அடுத்த வாரம் சரியாகவே வந்தது.

பீர் போகும் குழாய்களைக் கழுவுவதும் திங்கள் வேலை. எங்கள் மருந்து ஊதா நிறம். உள்ளே அழுக்கு இருந்தால் பச்சையாகி வெளியே வரும். ஊதாவாகவே வந்தால்தான் சுத்தம். அதற்குப் பிறகு தெளியும்வரை தண்ணீர். குழாயில் நிற்கும் பீர் ஒவ்வொரு தடவையும் சாக்கடைக்குத்தான் போகும். கணக்குக்காரியாக எனக்கு வயிறு எரியும். 9 காலன் பீப்பாயில் 72 பைண்ட், அதாவது 72 பெரிய கிளாஸ், என்பது காகிதத்தில். கசடு, கழுவல், வழிசல் போக எங்கள் கைக்கு எழுபது தேறினால் அதிர்ஷ்டம். 4 பவுண்டு 80 பென்ஸுக்கு விற்கும் பைண்டில் 80 பென்ஸ் வாட் வரி. மிச்சத்தில்தான் பீர் விலை, சம்பளம், கரண்ட், கடன் தவணை. இதில் கொழிக்கலாம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், பேரேட்டைக் காட்டுகிறேன்.

(தோசை நைட் போட்டாயா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது வாட்டிய இறைச்சிச் சாப்பாடுதான், எங்களுக்குச் சோறு போடுகிறது.)

சண்டைக்கும் குறைவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பெரிய டிவி வைக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் முழுசாக இரண்டரை மணி நேரம். கால்பந்து வந்தால் கூட்டம் வரும் என்று ஒரு கட்சி, பேச்சு செத்துவிடும் என்று இன்னொரு கட்சி. எல்லாரையும்விட அதிகப் பணம் போட்டவர் டிவி கேட்டார். மூன்று ஓட்டில் தோற்றார். முகம் சிவந்தது. அப்புறம் எழுந்துபோய், எதிர்த்து ஓட்டுப் போட்ட பாட்டிக்குப் பாரில் ஒரு ஷெர்ரி ஒயின் வாங்கிக்கொடுத்தார். இன்னும் டிவி இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கம்பளி பின்னும் பெண்கள் ரேடியேட்டர் மூலையைப் பிடித்துக்கொள்கிறார்கள், மூன்று மணிக்குத் தங்கள் பேருக்கு வந்த பார்சலை வாங்க ஆட்கள் வருகிறார்கள், சிலர் ஒரு காப்பியோடு மதியம் முழுக்க ஓட்டிவிடுகிறார்கள். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, அவர்களும் முதலாளிகள்.

இப்போது சம்பளத்துக்கு மேனேஜர் வந்தாகிவிட்டது. திங்கள் செல்லரை மட்டும் நான் விடவில்லை.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று இரண்டு நாள் அடம். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க வேறு இடமில்லை. ஒரு லெமனேடோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். டார்ட்ஸ் போர்டு, புத்தக அலமாரி, அடுப்பருகே தூங்கும் யாருடையதோ நாய்.

"இதுல உன் பங்கு எதுடி?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்மா."

ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் நுனியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அப்ப ஒரு துணி எடுத்துட்டு வா."